பதினேழு நிமிட அட்டவணை

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குப் பெய்யத் தொடங்கிய மழை மூன்றரைக்குத்தான் ஓய்ந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ரக்பி போட்டியின் முதல் ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு. தொடக்க விழாவுக்குக் கட்டிய துணித் தோரணமெல்லாம் சாயம் போய்க் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டது. பதினெட்டு அணிகள் பஸ்ஸுக்குள்ளேயும் வராந்தாவிலும் காலணி மாட்டியபடியே உட்கார்ந்திருந்தன. ஒரு பந்துகூட உதைபடவில்லை.

மழை விட்டதும் மைதானப் பொறுப்பாளர் இரண்டாவது மைதானத்துக்குள் இறங்கினார். நாலு அடி வைப்பதற்குள் கால் முட்டி வரை சேற்றில் புதைந்துவிட்டது. திரும்பி வந்து, "இதுல இனி நீச்சல் போட்டிதான் நடத்தலாம். முதல் மைதானம் தேறும். ராத்திரி மழை இல்லேன்னா நாளைக்கு ஒன்பது மணிக்குத் தர்றேன். அதுக்கு முன்னாடி கேட்காதீங்க" என்றார்.

அதைக் கேட்டுத் தன் நோட்டில் "9.00" என்று எழுதிக்கொண்டவளைப் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் அட்டவணை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விளையாட்டுத் துறையில் போட்டிச் செயலாளர். எந்த அணி எந்த அணியோடு, எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு, யார் நடுவர் என்று வகுத்துக் கொடுப்பது இருபது வருஷமாக அவள் வேலை. ஒரு நாளும் ரக்பிப் பந்தைக் கையில் எடுத்து ஓடியதில்லை. ஆனால் ஓர் ஆட்டம் எங்கே எத்தனை நொடி வீணாக்கும் என்று அவளைக் கேட்டால் தெரியும்.

போன வருஷம் இதே போட்டியில் இறுதி ஆட்டம் இருட்டில் பாதியோடு நின்றது. அட்டவணை சரியாகத்தான் இருந்தது, நீண்டது பேச்சு. தொடக்க விழாவில் மூன்று பேர் முக்கால் மணி நேரம் பேசினார்கள். கோப்பையை இரண்டு அணிக்கும் பொதுவென்று அறிவித்து அனுப்பினார்கள். விளையாட்டு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது: இன்னொரு முறை இப்படி நடந்தால் போட்டி வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அதோடு, மூன்று வருஷம் விடாமல் கடிதம் எழுதி எழுதி இந்த முறைதான் அவள் பெண்கள் போட்டியைச் சேர்த்திருந்தாள். ஆண்கள் பன்னிரண்டு அணி, பெண்கள் ஆறு. அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். குட்டி ஆட்டங்கள்தான், ஆனால் மொத்தம் இருபத்தெட்டு. இரண்டு மைதானம், இரண்டு நாள் என்று போட்டுவைத்ததெல்லாம் தண்ணீரில் போனது. இப்போது கையில் இருந்தது ஒரு மைதானம், ஒரே நாள்.

நாலு மணிக்கு விளையாட்டு அலுவலகத்தில் கூட்டம். கூட்டம் என்றால் மூன்றே பேர். உடற்கல்வி இயக்குநர், வாரியம் அனுப்பிய தலைமை நடுவர், அவள். தலைமை நடுவருக்குத் தொழில் பல் வைத்தியம். அதனால் எல்லோருக்கும் அவர் பல் டாக்டர். பேச்சு குறைவு. எதிரில் இருப்பவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கத் தாம் மட்டும் வேலை பார்த்துப் பழகியவர்.

"ஒரு மேட்சுக்கு இருபது நிமிஷம்னு வெச்சாலும் இருபத்தெட்டு மேட்ச் ஒன்பது மணி நேரத்துக்கு மேல ஓடுது. இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? பெண்கள் மேட்ச் ஒன்பதையும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடுவோம். அவங்களுக்கு ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ. கௌரவமா அனுப்பிடலாம்" என்றார் இயக்குநர்.

"சார், அவங்க ஆட வந்தவங்க. போட்டோ எடுக்க வரல."

"எனக்கும் வருத்தம்தாம்மா. ஆனா இந்தத் தடவையும் பைனல் முடியலேன்னா நம்ம தலைதான் உருளும்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருந்தார், அவ்வளவுதான். அவள் பல் டாக்டரிடம் திரும்பி, "சார், நாளைக்கு எத்தனை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்?" என்று கேட்டாள்.

"அஞ்சே முக்கால். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட ஆட விடமாட்டேன். இன்னொண்ணு, ஒரு டீம் ஒரு மேட்ச் முடிச்சா அடுத்த மேட்சுக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் ஓய்வு கட்டாயம். அதுல பேரமே கிடையாது."

"சரி சார். எனக்கு ஏழு மணி வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள ஒரு வழி சொல்றேன். சொல்லலேன்னா நீங்க சொன்னபடியே செய்யலாம்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு. ஏழு ஒண்ணு கிடையாது" என்றார்.

வெளியே வந்தால் வராந்தாவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தோள் உயரம்கூட இல்லாத உருவம், காலில் இன்னும் ஆட்டக் காலணி. சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டிருக்கிறது என்று முகமே சொன்னது. தொலைவிலிருந்து வந்திருந்த சின்னப் பல்கலைக்கழகமொன்றின் பெண்கள் அணிக் கேப்டன் அவள். கூட்டாளிகள் அவளைச் சிட்டு என்று கூப்பிடுவதை அக்கா காலையிலேயே கேட்டிருந்தாள்.

"மேடம், நாங்க பதினெட்டு மணி நேரம் ரயில்ல வந்திருக்கோம்" என்றாள் சிட்டு. குரல் உயரவில்லை. "எங்க காலேஜ்ல எங்களுக்குக் கிரவுண்டே தரமாட்டாங்க. ஒரு குடோன் வாசல்ல, லாரி போன பிறகு பிராக்டிஸ் பண்ணுவோம். கல்லுத் தரை. விழுந்தா தோல் போயிடும். புல்லுல ஒரு தடவை விழணும்னுதான் வந்தோம்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறுதல் சொல்ல நேரமில்லை. "ஏழு மணிக்கு உங்க ரூம்ல இரு. போன் பண்றேன். இப்ப போய்க் காலணியைக் காய வை, நாளைக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய காலண்டர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். ஆண்கள் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் நீல மையில் ஒரு துண்டு, பெண்களுக்குச் சிவப்பு. வரிசையாக அடுக்கினாள். கலைத்தாள். மறுபடி அடுக்கினாள்.

அவள் கணவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று குறித்தே காலம் தள்ளியவர். டீயைக் கொண்டுவந்து அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்தார். துண்டுகளைத் தள்ளாமல் வைத்தார். இருபத்திரண்டு வருஷ இல்லறம்.

"என்ன இடிக்குது?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் இடிக்குதுங்க. ஒரு மேட்சுக்கு இருபது நிமிஷம். ஆட்டம் பதினாலு, இடைவேளை ரெண்டு, மாத்தி இறக்க நாலு. எதைக் குறைக்க?"

"பஸ் லேட்டாகறது ரோட்டுலன்னு எல்லாரும் நெனைப்பாங்க" என்றார் அவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "ரோட்டுல இல்ல. ஸ்டாண்டுல. கண்டக்டர் டிக்கெட் கட்டை வாங்கறது, டிரைவர் கையெழுத்துப் போடறது, வெத்து அரட்டை. அதையெல்லாம் பஸ் உள்ள வர்றதுக்கு முன்னாடியே முடிச்சு வெச்சா, வந்த வேகத்துல கிளம்பும். உன் நாலு நிமிஷத்துல என்ன நடக்குது?"

அவள் நிமிர்ந்தாள். என்ன நடக்கிறது என்று அவளை விட யாருக்குத் தெரியும்? டாஸ் போடுவார்கள். ஆட்டக்காரர் பட்டியலைத் தேடுவார்கள். நடுவர் ஒவ்வொரு காலணியின் அடியையும் திருப்பிப் பார்ப்பார். ஒருவன் தண்ணீர் குடிக்கப் போயிருப்பான். இதில் எதுவும் மைதானத்துக்குள் நடந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

"ஓரத்துல ஒரு கூடாரம்" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல. "ரெண்டு மேட்சுக்கு முன்னாடியே டீம் அங்க வரணும். டாஸ், பட்டியல், காலணி எல்லாம் அங்கேயே. முடிஞ்ச டீம் இடது பக்கம் வெளிய, அடுத்த டீம் வலது பக்கம் உள்ள. ரெண்டு நிமிஷம் போதும். இடைவேளையும் ஒரு நிமிஷம். அப்போ பதினேழு!"

கணவர் அதற்குள் பெருக்கிப் பார்த்துவிட்டார், எட்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. ஆனால் ஓய்வு விதி இன்னும் இடித்தது. ஓர் அணிக்கு முக்கால் மணி நேரம் என்றால் நடுவில் மூன்று ஆட்டம் போக வேண்டும். நீலத் துண்டுகளை மட்டும் தனியாக அடுக்கிப் பார்த்தாள், பெண்கள் போட்டி இல்லாவிட்டால் எப்படி வரும் என்று. கால் இறுதிக்கு முன்னால் ஒரு இடம் வெறுமையாக நின்றது. அரை இறுதியைச் சுற்றி இரண்டு. இறுதி ஆட்டத்துக்கு முன்னால் மூன்று. யாரும் ஆடாமல், ஆண்கள் அணிகள் இளைப்பாறுவதற்காக மட்டும் மைதானம் சும்மா கிடக்கும் ஆறு இடங்கள்.

சிவப்புத் துண்டுகளை எடுத்தாள். அவள் விரல் வேகத்துக்கு அவரால் கண்ணை ஓட்ட முடியவில்லை. காலையில் நீலத்துக்கு நடுவே சிவப்பு, மாலையில் சிவப்புக்கு நடுவே நீலம். ஒருவர் ஆட ஒருவர் ஓய்வு. அடுக்கி முடித்தபோது முப்பது இடம் வந்தது. இருபத்தெட்டு ஆட்டம், இறுதிகளுக்கு முன்னால் இரண்டு இடம் காலி. கடைசி விசில் ஐந்தரைக்குள்.

ஆறே முக்காலுக்கு இயக்குநருக்குப் போன் செய்தாள். பல் டாக்டரும் அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

"சார், ஒன்பது மேட்சை எடுத்தா ஒன்பது மேட்ச் நேரம் மிச்சமாகும்னு நாம நெனைச்சோம். இல்ல. அஞ்சுதான் மிச்சம். ஆண்கள் டீமுக்கு ஓய்வு குடுக்கணும்னு கிரவுண்டு எப்படியும் சும்மா கிடக்கும். எல்லாத்தையும் சேர்த்தே அஞ்சரைக்குள்ள முடியுது. நேரா வந்து காட்டட்டுமா?"

அந்தப் பக்கம் பேனா தாளில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு இயக்குநர், "கடைசி மேட்ச் எது?" என்று கேட்டார்.

"பெண்கள் பைனல்."

"ஏம்மா, துணைவேந்தர் ஆண்கள் பைனலுக்குத்தான் வர்றார்!"

"வரட்டும் சார். கூடப் பதினேழு நிமிஷம் உட்கார்ந்தா நாற்காலி தேஞ்சு போயிடாது."

பின்னாலிருந்து பல் டாக்டரின் சிரிப்புக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. "நடத்தலாம்" என்றார் அவர். "என் நடுவர்கள் ஆறு பேரும் ஓடத் தயார். ஆனா அஞ்சே முக்கால்னா அஞ்சே முக்கால்தான்."

ஏழு மணிக்குச் சிட்டுவுக்குப் போன். "காலையில பத்து முப்பதுக்குக் கூடாரத்துல நிக்கணும், ஏழு பேரும், காலணியோட" என்று மட்டும் சொன்னாள். பதிலாக வந்த கூச்சலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மைதானப் பொறுப்பாளர் தண்ணீரை உறிஞ்சும் பஞ்சு உருளையோடு இறங்கிவிட்டார். எட்டரைக்குக் கடைசிக் குட்டையிலும் மணல் போட்டு மூடினார். எல்லைக் கோடு காய நாலு நிமிடம் பிந்தியது. அவள் நோட்டில் "9.04" என்று எழுதினாள். பெரிய கடிகாரமும், கையால் அழுத்தினால் அலறும் ஹாரனுமாக நடுக்கோட்டுக்கு நேரே மேசை போட்டு உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு ஆட்டம் தடுமாறி, மூன்றாவதிலிருந்து இயந்திரம் சூடு பிடித்தது. இடது பக்கம் சேறு பூசிய பதினாலு பேர் வெளியேற, வலது பக்கம் சுத்தமான பதினாலு பேர் உள்ளே. உள்ளே போகும்போதே நடுவர் கையில் பந்து.

ஐந்தாவது ஆட்டத்தில் சொந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணியைக் கூடாரத்தில் காணோம். உணவகத்தில் இருக்கிறார்கள் என்று யாரோ ஓடினார்கள். இயக்குநர் மேசைக்கு வந்து குனிந்தார். "நம்ம பசங்கம்மா. ரெண்டே நிமிஷம்…"

"சார், இது யாருக்கும் நிக்காத பஸ்" என்று சொல்லி ஹாரனை அழுத்தினாள்.

நாலு பேர்தான் அப்போது வந்து சேர்ந்திருந்தார்கள். ஐந்தாமவன் ஒரு காலணியைக் கையில் பிடித்தபடி எல்லைக் கோட்டைத் தாண்டினான். மற்ற இருவர் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரணி கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்து ஐந்து புள்ளி எடுத்துவிட்டது. பார்வையாளர் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த ஆட்டத்தை எப்படியோ சொந்தப் பசங்களே தேற்றி ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு அன்று முழுக்க எந்த அணியும் கூடாரத்துக்குப் பிந்தவில்லை.

மதியத்துக்குள் ஊரே வந்துவிட்டது போலக் கூட்டம். இடைவெளியே இல்லாமல் ஆட்டம் வந்தால் எழுந்து போக யாருக்கு மனம் வரும்? சிட்டுவின் அணி முதல் ஆட்டத்தில் புல்லில் விழுந்ததும் ஏழு பேரும் எழுந்து சிரித்ததைப் பார்த்து எதிரணியே குழம்பிப் போனது. கல்லுத் தரையில் விழுந்து பழகியவர்களுக்கு ஈரப்புல் மெத்தை. இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்து அரை இறுதிக்கு வந்தார்கள்.

மூன்று இருபத்தைந்துக்கு, ஆண்கள் முதல் அரை இறுதியில், இரண்டு பேர் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒருவன் எழுந்துவிட்டான். மற்றவன் கண் திறந்தான், ஆனால் எந்த மைதானம் என்று கேட்டதற்குத் தன் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னான். மைதானத்து மருத்துவர் இனி ஆடக் கூடாது என்று தலையசைத்தார். ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

ஆம்புலன்ஸ் இல்லாமல் ஆட்டம் இல்லை. அதிலும் பேரம் கிடையாது. பெரிய கடிகாரம் நின்றது. அவள் கையில் இருந்த கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம். எட்டு நிமிடம்.

அப்போதுதான் இயக்குநரைப் பார்த்தாள். கழுத்து டையைக் கழற்றி வீசிவிட்டு, இரண்டு காதிலும் இரண்டு போனோடு வேலியோரம் நடந்துகொண்டிருந்தார். எங்கே யாரைப் பிடிக்க வேண்டும் என்று அந்த மனிதருக்குத் தெரியாதது கிடையாது. "மருத்துவக் கல்லூரி வண்டி கிளம்பிடுச்சு!" என்று தூரத்திலிருந்தே கத்தினார். "நான் கேட்டுல நிக்கிறேன், வழி விடச் சொல்றேன்!" ஐம்பத்தெட்டு வயசில் அவர் கேட்டை நோக்கி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து ஆண்கள் அணி ஒன்று எழுந்து நின்று கைதட்டியது.

பத்தொன்பதாவது நிமிடத்தில் வண்டி வந்தது. அவள் நோட்டில் கூட்டிக் கழித்தாள். இப்படியே போனால் கடைசி விசில் ஐந்து ஐம்பத்தொன்று. ஆறு நிமிடம் அதிகம்.

பல் டாக்டர் மேசைக்கு வந்தார். அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"சார், ஓய்வு முக்கால் மணி நேரம்னு சொன்னீங்க. நான் போட்டதுல பைனலுக்கு முன்னாடி ஐம்பத்து மூணு நிமிஷம் விழுது. எட்டு நிமிஷம் அதிகமா குடுத்திருக்கேன். அதைத் திரும்ப எடுத்துக்கறேன். நாப்பத்தஞ்சுக்கு ஒரு நொடி குறையாது. அஞ்சு நாப்பத்து மூணுக்கு முடியும்."

அவர் நோட்டை வாங்கி, பல்லைத் தட்டிப் பார்ப்பவர் போல ஒவ்வொரு எண்ணாகப் பென்சிலால் தொட்டுப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "விசில்" என்றார் தன் நடுவர்களிடம்.

ஆண்கள் இறுதி ஆட்டத்தில், காலையில் காலணியைக் கையில் பிடித்து ஓடி வந்த அதே சொந்த அணி ஜெயித்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மருத்துவமனையிலிருந்து செய்தி: பையனுக்கு ஸ்கேனில் எதுவும் இல்லை, யார் ஜெயித்தது என்று கேட்கிறான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து ஒரு மூச்சு விட்டாள். இரண்டாவது மூச்சுக்கு நேரமில்லை. ஐந்து இருபத்தெட்டு. பெண்கள் இறுதி.

துணைவேந்தர் எழுந்திருக்கவில்லை. யாருமே எழுந்திருக்கவில்லை.

எதிரணி பெரிய பல்கலைக்கழகம். ஒவ்வொருத்தியும் சிட்டுவை விட ஒரு தலை உயரம். முதல் பாதியிலேயே இரண்டு முறை கோட்டைத் தாண்டி, கம்பத்துக்கு நடுவே ஓர் உதையும் உதைத்து, பன்னிரண்டு புள்ளி எடுத்துவிட்டார்கள். சிட்டுவின் பெண்கள் இரண்டாம் பாதியில் ஒரு முறை கோட்டைத் தாண்டினார்கள், இன்னொரு முறையும் தாண்டினார்கள். பத்து. இரண்டு புள்ளி குறைவு. கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. ஐந்து நாற்பத்து மூன்று. அட்டவணை அக்கா ஹாரனை அழுத்தினாள்.

ஆனால் ரக்பியில் ஹாரன் அடித்தாலும் பந்து வெளியே போகாமல் உயிரோடு இருக்கும் வரை ஆட்டம் உண்டு. பந்து உயிரோடு இருந்தது. சிட்டுவின் கையில், தங்கள் பக்கப் பாதி மைதானத்தில், எதிரணியின் மூன்று பேர் சூழ. அவள் குனிந்தாள். அந்த உயரக்காரிகளின் கைகள் அவள் தலைக்கு மேலே காற்றைப் பிடித்தன. வெளியே வந்தபோது முன்னால் புல் மட்டும்தான் இருந்தது. கூட்டம் மொத்தமும் எழுந்தது. இருபது வருஷமாக எந்த ஆட்டத்திலும் எந்த அணிக்கும் வாய் திறக்காத போட்டிச் செயலாளர் மேசையைக் குத்திக்கொண்டு, "ஓடுடி! ஓடு, ஓடு!" என்று கத்தினாள். பின்னால் துரத்தியவள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தாள். சிட்டு விழுந்தாள். விழுந்த வேகத்திலேயே ஈரப்புல்லில் சறுக்கிக்கொண்டு போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தை அழுத்தினாள்.

பதினைந்து, பன்னிரண்டு. பல் டாக்டரே கடைசி விசிலை ஊதினார். ஐந்து நாற்பத்து நான்கு.

அதற்குப் பிறகு நடந்ததற்கு அட்டவணை எதுவும் இல்லை. துணைவேந்தர் சேற்றில் இறங்கிவிட்டார். இயக்குநர் பார்த்தவர்களையெல்லாம் கட்டிப்பிடித்தார். பல் டாக்டர் மேசை ஓரத்தில் வாரியத்துக்கான அறிக்கைத் தாளை விரித்து, "இருபத்தெட்டு ஆட்டங்களும் முடிந்தன" என்று எழுதி, அவள் பார்க்கும்படி திருப்பி வைத்தார். கீழே இன்னொரு வரி எழுதினார்: "அடுத்த ஆண்டும் இங்கேயே நடத்தப் பரிந்துரைக்கிறேன். பெண்களுக்குப் பன்னிரண்டு அணி."

அவள் அதைப் படித்து முடிப்பதற்குள் சேறும் புல்லுமாக ஏழு பேர் மேசையைச் சுற்றி வளைத்தார்கள். என்ன ஏது என்று கேட்பதற்குள் நாற்காலியிலிருந்து கிளப்பித் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். சிட்டுவுக்குத் தோள் எட்டவில்லை. முன்னால் ஓடி வழி விலக்கினாள். மைதானத்தின் நடுவுக்கு வந்தபோது கூட்டம் "அட்டவணை! அட்டவணை!" என்று தாளம் போட்டது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூடக் கை இல்லை. ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் நோட்டு.

"இறக்குங்கடி!" என்று மேலிருந்து கத்தினாள். "பரிசளிப்பு அஞ்சு ஐம்பதுக்கு!"

பரிசளிப்பு ஐந்து ஐம்பத்தைந்துக்குத்தான் தொடங்கியது. ஐந்து நிமிடம் தாமதம். அதற்காக அன்று அவள் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.